படுக்கைக்கு மேலே விதை வெங்காயம்

எங்கள் படுக்கைக்கு நேர் மேலே பதினெட்டு வருஷம் விதை வெங்காயம் தொங்கியது. ஆவணியில் தோட்டத்தில் கிண்டி எடுத்ததில் நல்ல திரட்சியானவற்றைப் பொறுக்கி, தாளோடு வெயிலில் வாட விட்டு, பிடி பிடியாகச் சணலால் கட்டி, அறையின் கூரை வளையோடு சேர்த்துக் கட்டிய மூங்கில் தடிகளில் என் கணவர் வரிசையாகத் தொங்கவிடுவார். மழை விட்டு, மார்கழிக் கடைசியிலோ தையிலோ நடுகிற வரைக்கும் அவை அங்கேதான் இருக்கும். நாங்கள் இருவரும் அதன் கீழே படுத்து எழும்புவோம்.

எங்கள் பக்கத்தில் இது புதினமான காரியம் அல்ல. இடம் உள்ளவர்கள் வளவில் தனியாகக் கொட்டில் போட்டு வைப்பார்கள். இடம் இல்லாதவர்களும் களவுக்குப் பயந்தவர்களும் வீட்டுக்குள்ளே தொங்கவிடுவார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "இந்தமுறை விதை திறமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்களே தவிர, படுக்கிற அறையில் ஏன் வெங்காயம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து கதைக்க இந்த வயதிலும் எனக்கு வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

விதையை அறைக்குள் வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சண்டைக் காலத்தில் ஊரோடு எழும்பி ஓடியபோது, கொட்டிலில் இருந்த விதை முழுவதும் அப்படியே கிடந்துவிட்டது. திரும்பி வந்தபோது கொட்டிலும் இல்லை, விதையும் இல்லை. தோட்டம் முழுக்க ஆளுயரத்துக்குப் பற்றை. உடுவில் பக்கம் முன்பின் அறியாத ஒருவரின் வீட்டு வாசலில் என் கணவர் போய் நின்று, இரண்டு பிடி விதை வாங்கி வந்தார். அன்றைக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாரே தவிர ஏறி ஓடவில்லை. குலுங்கினால் விதை அடிபடுமாம். அந்த இரண்டு பிடியில் இருந்துதான் எங்கள் தோட்டம் மறுபடி எழும்பியது. பிறகு ஒரு வருஷம் புதிதாகப் போட்ட கொட்டிலில் கள்ளன் புகுந்தான். அதோடு அவர் மூங்கிலை அறைக்குள் கொண்டுவந்து கட்டிவிட்டார்.

"இனி எடுக்கிறதெண்டால் என்னைத் தாண்டித்தான் எடுக்கோணும்" என்றார்.

அவருக்கு அது பாதுகாப்பு. பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் வெங்காயமும்தான்.

ஐப்பசி மழை தொடங்கினால் வெங்காயத்தின் மேல்தோலுக்குக் கீழே கரி தடவியதுபோல் கறுப்பு விழும். தொட்டால் விரல் கறுக்கும். ஊதினால் மெல்லிய புகைபோலக் கிளம்பும். அது பூஞ்சணம் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. சாப்பிடுகிற பாணில் பூஞ்சணம் கண்டால் அந்தப் பக்கமே வைக்கமாட்டோம், தூக்கி எறிந்துவிடுவோம். வெங்காயத்தில் கண்டால் மட்டும் மழைக்கு அது அப்படித்தான் என்று விட்டுவிடுவோம். தோலை உரித்தால் உள்ளே வெங்காயம் சிவப்பாக, சுத்தமாக இருக்கும். பிறகு என்ன என்பதுதான் எங்கள் நினைப்பு.

காலையில் எழும்பினால் தலையணையில், போர்வையில், சாமிப்படத்தின் சட்டத்தில் எல்லாம் வெங்காயச் சருகு கிடக்கும். சருகோடு அந்தக் கறுப்புத் தூளும் இருக்கும். நான் தும்புத்தடி எடுத்துக் கூட்டுவேன். அவர் கட்டிலிலேயே இருந்து தும்முவார். ஒன்று இரண்டு அல்ல, இருபது இருபத்தைந்து தும்மல் தொடர்ந்து வரும். கண் சிவந்து நீர் ஓடும். மூக்கைத் தேய்த்துத் தேய்த்து நுனியில் தோல் உரிந்திருக்கும்.

"என்ரை தும்மலைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டிலை தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கினம்" என்பார். "கோயில் மணியை நிப்பாட்டினாலும் ஊருக்கு நேரம் தெரியும்."

பக்கத்து வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் ஒரு வேலிதான் இடையில். அவருடைய தோட்டமும் எங்கள் தோட்டத்துக்கு அடுத்ததுதான். என் கணவரைவிட நன்றாக இளையவர். "அண்ணை, அண்ணை" என்று எங்கள் விதையை வாங்கித்தான் அவரும் வெங்காயம் வைக்கத் தொடங்கினார். அவர் வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கத்துவார்.

"அண்ணை, இண்டைக்கு ரண்டு தும்மல் குறையுது!"

"நீ எண்ணின பிழையடா!"

இப்படிச் சிரிப்பாகத்தான் பல வருஷம் போனது. பிறகு தும்மலோடு முட்டு என்கிற மூச்சிழுப்பும் சேர்ந்துகொண்டது. மழை மாதங்களில் விடியப்புறம் அவருடைய நெஞ்சுக்குள் இருந்து ஒரு சத்தம் வரும். தூரத்தில் யாரோ ஊதுகுழல் ஊதுவதுபோல மெல்லியதாக இருக்கும். கட்டிலின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, தோள் இரண்டும் காதுக்கு ஏற, மூச்சை இழுத்துக்கொண்டு இருப்பார். நான் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பேன். மூச்சு உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்று என் மூச்சையும் நான் அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சுருட்டு என்றார்கள். நாற்பது வருஷம் பிடித்த சுருட்டை அவர் ஒரே நாளில் விட்டார். தயிர், வாழைப்பழம், வெள்ளரிக்காய் எல்லாம் குளிர்ச்சி என்றார்கள். அவற்றையும் விட்டார். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தன் தகப்பனுக்காக முழுகுகிறவர், அந்த முழுக்கையும் விட்டு, கரையில் நின்று தலையில் தெளித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் முகம் விழுந்துபோய்விட்டது. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துதான் காரணம் என்றும் ஒருவர் சொன்னார். மருந்தடிக்கக் கூலிக்கு ஆள் பிடித்தோம். தூதுவளை, ஆடாதோடை, கற்பூரவள்ளி என்று நான் அவிக்காத இலை இல்லை.

பனி படக்கூடாது என்று மழைக்காலம் முழுவதும் அறையின் இரண்டு யன்னலையும் இறுக்கிப் பூட்டினேன். பின்னேரத்தில் சாம்பிராணி போட்டு அந்த அறைக்குள்ளே புகையைத் தேக்கினேன். அவருக்கு வியர்த்தால் ஃபானைப் போட்டுவிடுவேன். மேலே தொங்குகிற வெங்காயம் அந்தக் காற்றில் ஆடும். சருகு விழும். இவ்வளவும் அவருடைய மூச்சுக்காக என்று நினைத்துத்தான் செய்தேன். என் கையால் செய்தேன்.

ஒருமுறை முட்டுக் கூடி ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்தார்கள். நாலாம் நாளே அவர் கட்டிலில் சம்மணம் கட்டி இருந்து பக்கத்துக் கட்டில்காரரோடு அரசியல் கதைத்தார். பத்தாம் நாள் படி இறங்கி நடந்தே வந்தார்.

"ஆஸ்பத்திரிச் சோறு எனக்குப் பிடிச்சுப்போச்சு" என்றார். "உன்ரை கறியாலைதான் முட்டு வாறது போல."

"அப்ப அங்கையே இருந்திருக்கலாமே" என்றேன்.

"இருந்திருப்பன். விதையை ஆர் பாக்கிறது?"

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் விடிய மறுபடி தும்மல். ஐந்தாம் நாள் ஊதுகுழல். அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகத் தும்புத்தடியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். ஆஸ்பத்திரியிலும் பனி இருந்தது. அங்கேயும் குளிர்ந்த தண்ணீர்தான். அங்கே இல்லாதது இது ஒன்றுதான். கறுப்புத் தூள் யன்னல் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்குகிற இடத்தில் அவர் வாயைத் திறந்து மூச்சுக்கு ஏங்கிக்கொண்டு இருந்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் படித்தவளா, டொக்டரா? எனக்குத் தெரிந்தது சரியாக இருக்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அதோடு, இதே காற்றைத்தான் நானும் குடித்துக்கொண்டு படுத்தேன். எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

அடுத்த புரட்டாதிக் கடைசியில் கிளினிக்குக்குப் போனோம். அந்த முறை புதிதாக வந்த ஒரு இளம் பெண்பிள்ளை டொக்டர். முகத்தைப் பார்த்துக் கதைக்கிற பிள்ளை. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, வீட்டிலை ஈரம், பூஞ்சணம் ஏதும் இருக்கோ? சுவரிலை, உடுப்பிலை, சாமான் அடுக்கி வைக்கிற இடத்திலை?"

என் கணவர் நிமிர்ந்து இருந்தார். "பூஞ்சணமோ? டொக்டர், என்ரை மனிசி கூட்டின நிலத்திலை சோத்தைப் போட்டுச் சாப்பிடலாம். விடியக் கூட்டுவா, மத்தியானம் கூட்டுவா, பின்னேரமும் கூட்டுவா. நான் கொஞ்சம் அசையாமல் இருந்தால் என்னையும் கூட்டி அள்ளிப்போடுவா."

டொக்டர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மெய்யே அம்மா? ஒண்டும் இல்லையோ?"

பின்னால் வரிசையில் முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். மருந்துத் துண்டு எழுதுகிற நேர்ஸ் மிசியும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கணவர் அவ்வளவு பேருக்கு முன்னால் என்னைப் புகழ்ந்து வைத்திருந்தார். படுக்கிற அறைக்குள் பூஞ்சணம் தொங்குகிறது என்று எந்த வாயால் சொல்லுவது? என்னுடைய வீட்டில் பூஞ்சணம் என்றால் அது என்னுடைய ஊத்தைதானே? முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வெங்காயம் ஞாபகத்திலேயே வரவில்லை. எனக்கு வந்தது. எனக்கு அந்த நேரத்தில் அதைத் தவிர வேறு ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

பஸ்ஸில் அவர் கேட்டார். "ஏன் முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. வெயில்."

அன்றைக்கு வெயில் இல்லை. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

சொல்ல முடியாதவள் திருட்டுத்தனமாக ஒரு வைத்தியம் செய்தேன். அவர் தோட்டத்துக்குப் போனதும் கதிரையில் ஏறி, எட்டுப் பத்துப் பிடியாக இறக்கி, முற்றத்துக்குக் கொண்டுபோய்த் தட்டி உதறி, வெயில் எறித்தால் வெயிலில் வைத்து, அவர் வருவதற்கு முன் பழையபடி தொங்கவிடுவேன். உதறும்போது கறுப்புப் புகை கிளம்பும். என் கை, சேலை எல்லாம் கறுக்கும். அந்தச் சேலையோடுதான் உள்ளே போவேன், அவருடைய போர்வையை மடிப்பேன். மழை இரண்டு நாள் பெய்தால் கறுப்பு மறுபடி வந்துவிடும். இதை ஒரு மாதம் செய்தேன். முட்டுக் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒருநாள் அவர் நேரத்தோடு திரும்பி வந்துவிட்டார். முற்றத்தில் பாயில் விதை கிடந்தது.

"உதென்ன செய்யிறாய்? விதைக்கு வெயில் காட்டினால் முளை செத்துப்போம் எண்டு தெரியாதோ?"

"கறுப்பா இருந்தது. அதுதான்..."

"விதை கறுப்பாத்தான் இருக்கும். நீ கூட்டிறதோடை நில். விதையிலை கை வைக்காதை."

அதட்டிச் சொன்னதுதான். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "இதுதான் உங்களைத் தின்னுது" என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்? நான் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

கார்த்திகையில் ஐந்து நாள் விடாமல் மழை பெய்தது. ஆறாம் நாள் விடியும்போது அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. கதைக்க முடியவில்லை. கிளினிக்கில் தந்த மருந்துப் பம்ப்பை வாயில் வைத்து அடித்தால் மருந்து உள்ளே போகவில்லை, வாயிலேயே நின்றது. வேலியில் நின்று நான் கூப்பிட்ட சத்தம் எனக்கே புதிது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய் ஓட்டோ பிடித்து வந்தார். அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு போனோம்.

மத்தியானம்போல மூச்சுக் கொஞ்சம் சீராகியது. முகத்தில் மூடி போட்டு மருந்துப் புகை விட்டிருந்தார்கள். அதே டொக்டர் பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

"டொக்டர்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி, "பிள்ளை" என்றேன். திரும்பினார்.

"நாங்கள் படுக்கிற அறைக்கை வெங்காயம் தூக்கி வைச்சிருக்கிறம். விதை வெங்காயம். கட்டிலுக்கு மேலை. அதிலை கறுப்பாப் பூஞ்சணம் கிடக்கு. அது கொட்டிறது."

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. "எவ்வளவு காலமா அம்மா?"

"பதினேழு, பதினெட்டு வருஷமா."

"போனமுறை நான் கேட்டனான் எல்லே?"

"ஓம்."

ஏசமாட்டாரா என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் ஒரு கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொல்லிவிட்டு, மெதுவாக விளங்கப்படுத்தினார். அந்தக் கறுப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னத் தூளாக இருக்குமாம். காற்றிலே மிதக்குமாம். மூச்சோடு உள்ளே போனால் சிலருக்கு ஒன்றும் செய்யாதாம். சிலருடைய உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொள்ளுமாம். மூக்கிலே தும்மலும் கண்ணிலே கடியுமாகத் தொடங்கி, பிறகு நெஞ்சுக் குழாய் வீங்கிச் சுருங்கி முட்டாகுமாம்.

"எனக்கு ஏன் வரேல்லை, பிள்ளை?"

"அது ஆளை ஆள் வித்தியாசம் அம்மா. ஏன் எண்டு ஒருத்தராலையும் முழுசாச் சொல்லேலாது."

"அதை எடுத்தால் சுகம் வருமோ?"

டொக்டர் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "எடுத்தால் முட்டு வாறது குறையும். கட்டாயம் எடுங்கோ. ஆனால் இவ்வளவு காலத்திலை நெஞ்சு கொஞ்சம் பழுதாப் போச்சு. பழுதானதை மாத்தேலாது."

என் கணவர் கண்ணை மூடித்தான் படுத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாலு நாள் கழித்து ஓட்டோவில் வீட்டுக்கு வரும்போது, பாதிவழியில்தான் வாய் திறந்தார்.

"நாப்பத்தாறு வருஷத்திலை நீ ஒராளைப் பற்றியும் கோள் சொன்னதில்லை. கடைசியிலை என்ரை விதையைப் பற்றிப் போய்ச் சொல்லிப்போட்டாய் என்ன?"

நான் அழுதேன். அவர் என் கையைத் தட்டினார். "அழாதை. நீ அவவோடை கதைச்சதே எனக்குப் பெரிய புதினம்."

பக்கத்து வீட்டுக்காரர் வந்து அவ்வளவு விதையையும் இறக்கி எங்கள் கொட்டிலுக்குக் கொண்டுபோனார். தூள் அடங்கும்வரை என் கணவர் அவர்கள் வீட்டு விறாந்தையில் இருந்தார். மூங்கிலை அவிழ்த்தோம். அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம். தலையணை, மெத்தை எல்லாவற்றையும் எரித்தோம். யன்னலைத் திறந்து விட்டேன்.

ஒரு கிழமையில் தும்மல் நின்றது. பதினெட்டு வருஷத் தும்மல் ஒரு கிழமையில் நின்றது.

தையில் அவர் வெங்காயம் நட்டார். குனிய முடியாது, வரம்பில் கதிரை போட்டிருந்து சொல்லச் சொல்ல ஆட்கள் நட்டார்கள். நாலு எட்டு நடந்தால் நிற்க வேண்டும், மூச்சு அவ்வளவுதான். ஆனால் முட்டு வரவில்லை. விடிய எழும்பித் தேத்தண்ணி குடிக்கும்போது நான் அவருடைய நெஞ்சுச் சத்தத்துக்குக் காது கொடுப்பேன். ஒன்றும் கேட்காது. அந்த நிம்மதியை அனுபவிக்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது அது.

ஆவணியில் கிண்டிய விதையைக் கொட்டிலிலேயே தூக்கச் சொன்னார். தானே சொன்னார். புரட்டாதியில் ஒருநாள் விடியப் போய்ப் பார்த்தால் தடிகள் மட்டும்தான் இருந்தன. ஒரு பிடிகூட விடாமல் கொண்டுபோய்விட்டார்கள். அதை எப்படி அவரிடம் சொல்லப்போகிறேன் என்று கொட்டில் வாசலிலேயே இருந்துவிட்டேன். சொன்னதும் கொட்டில் பக்கம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"கொண்டுபோய்த் தன்ரை அறைக்கை தூக்கட்டும். கள்ளனுக்கு முட்டு வரட்டும்."

சிரிப்பு இருமலாக மாறியது. அன்று பின்னேரம் அவர் சாப்பிடவில்லை. உடுவிலில் இருந்து இரண்டு பிடியோடு சைக்கிளை உருட்டி வந்த கதையை எனக்கே புதிதாகச் சொல்வதுபோலச் சொன்னார். நானும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

ஐப்பசியில் ஒரு தடிமன் வந்தது. காய்ச்சலாகி நெஞ்சுக்கு இறங்கியது. நல்ல நெஞ்சு என்றால் தாங்கியிருக்குமாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அந்த டொக்டர் பிள்ளை என் தோளில் கை வைத்தார். நான் எதுவும் கேட்கவில்லை. முந்தின வருஷப் புரட்டாதியில் கிளினிக்கில் தலையை ஆட்டாமல் வாயைத் திறந்திருந்தால் என்று ஒரு கேள்வி தொண்டைவரைக்கும் வந்தது. "ஓம்" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். "இல்லை, அப்பவும் பிந்தித்தான் போயிருந்தது" என்று சொன்னால், அது என்மேல் உள்ள இரக்கத்தில் சொன்னதோ என்று நான் நம்பமாட்டேன். அதனால் கேட்கவில்லை.

கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நாலைந்து நாள் கழித்து, பக்கத்து வீட்டுக்காரரும் மனைவியும் வந்தார்கள். கார்த்திகை மழை தூறிக்கொண்டிருந்தது. அவருடைய இரண்டு கையிலும் விதை வெங்காயம், பத்துப் பிடி இருக்கும்.

"அக்கா, இது அண்ணையின்ரை விதைதான். அவர் தந்ததிலை நான் பெருக்கினது. உங்கடை வீட்டிலை அந்த விதை இல்லாமல் போகக்கூடாது. தையிலை நானே உங்கடை துண்டிலை நட்டு விடுறன்."

கை நீட்டினேன். அவர் கொடுக்காமல் அறைப்பக்கம் பார்த்தார்.

"கொட்டிலிலை வைச்சால் திரும்பவும் களவு போம். பழையபடி அறைக்கை தூக்கிவிடட்டோ? வளை சும்மாதானே கிடக்கு. இனி ஆருக்கு முட்டு வரப்போகுது?"

அவர் கெடுதியாகச் சொல்லவில்லை. அவருடைய குணம் அப்படி. அந்த நேரத்தில் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி தும்மினார். மறுபடி, மறுபடி. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எனக்கு மறைக்கிறவர்போல அந்தப் பக்கம் திரும்பினார். கண் இரண்டும் சிவந்திருந்தன. தும்மல் அடங்கி மூச்சு இழுத்தபோது எனக்கு அது கேட்டது. மெல்லியதாக, தூரத்தில் ஊதுவதுபோல.

"எப்ப தொடக்கம் பிள்ளை உனக்கு உது?"

"மழை தொடங்கினாப் பிறகு அக்கா. பனி எனக்கு ஒத்துவரேல்லை. போன வருஷமும் இப்பிடித்தான்."

"உங்கடை விதை எங்கை தூக்கியிருக்கு?"

மனைவி தன் கணவரைப் பார்த்தார். "அறைக்கைதான். வேறை எங்கை?"

"இறக்குங்கோ" என்றேன்.

"என்ன?"

"இண்டைக்கே இறக்குங்கோ. யன்னலைத் திறவுங்கோ. நாளைக்குக் கிளினிக்குக்குப் போய் அந்த டொக்டர் பிள்ளையிட்டை வெங்காயத்தைப் பற்றிச் சொல்லுங்கோ. வெக்கப்படாமல் சொல்லுங்கோ. அவ கேக்கும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்காதை, பிள்ளை."

பக்கத்து வீட்டுக்காரருடைய முகம் மாறியது. பதினெட்டு வருஷமாக அண்ணை செய்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் அவரும் செய்தார். அண்ணையைக் குறை சொன்னால் அவருக்குத் தாங்காது.

"அப்ப அக்கா, அண்ணை இந்த விதையாலைதான் போனவர் எண்டு சொல்லுறியளோ?"

வெளியே தூறல் ஓட்டில் விழுகிற சத்தம் கேட்டது. மாலை போட்ட அவருடைய படம் மேசையில் இருந்தது. அதன் பக்கம் நான் திரும்பவில்லை. விதையாலும் போனார், என் வாயாலும் போனார். முதலாவதையாவது சொல்ல வேண்டியிருந்தது.

"ஓம்" என்றேன்.

அவர் வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கி, எங்கள் கொட்டிலுக்குப் போய், வெறும் தடியில் ஒவ்வொரு பிடியாகக் கட்டினார். என்னைப் பார்க்காமலே படலையைச் சாத்திக்கொண்டு போனார். மனைவி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பின்னேரம் கிணற்றடிக்குப் போனபோது அவர்கள் வீட்டு விறாந்தையில் ஏணி சாத்தியிருந்தது. விதையை இறக்கத்தான் வைத்தார்களோ, ஒழுகுகிற ஓடு மாற்ற வைத்தார்களோ தெரியாது. வேலியடிக்குப் போய்க் கேட்கலாம் என்று நாலு எட்டு வைத்தேன். இன்றைக்குக் கதைத்தது போதும் என்று எனக்குள் ஒரு கூச்சம் வந்து மறித்தது.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு வேலியடிக்குப் போனேன்.